ஒரே எல்லை, இரண்டு மூட்டுகள்

பால் வேண்டாம், நன்றி. கார்ல்ஸ்ரூவில் இவ்வளவு நல்ல காபி காவல் நிலையத்தில் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எந்த அளவும் முழுத் துல்லியமாகத் தெரியாது. அதனால் எங்கள் மென்பொருள் ஒற்றை எண்ணைச் சொல்லாது. இதற்குக் குறையாது, இதற்கு மிஞ்சாது என்று இரண்டு எல்லைகளைச் சொல்லும். உண்மை அவற்றுக்குள் இருப்பது உறுதி. யாரும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். ஆனால் என் ஒப்புதல் இல்லாமல் எதுவும் உள்ளே போகாது.

விப்கே சென்ற ஆண்டுதான் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். கெட்டிக்காரி. அங்கே ஓர் இயந்திரக் கை இருக்கிறது. அது எவ்வளவு தூரம் எட்டும் என்று மென்பொருள் கணக்கிடும். அந்த எல்லையில் தரையில் மஞ்சள் கோடு போடுவோம். என் கணக்கில் கோடு சுவரோரம் போய்விட்டது.

காபி அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "உங்க ரெண்டு எல்லைக்கு நடுவுல லாரியே ஓட்டலாம், ஹெர் டாக்டர்."

கையை இயக்கும் டெட்லெஃப் வாய் நிறைய பிரெட்செல் ரொட்டியோடு சிரித்தான். "லாரி என்ன, ரயிலே போகும்."

"பாதுகாப்புக்குத்தான்," என்றேன்.

"இல்ல, ஹென்னிங். நீ பயந்தாங்கொள்ளி. அவ்வளவுதான்," என்றாள் விப்கே, ஹெர் என்ற மரியாதையையும் விட்டுவிட்டு.

நீ. எங்களிடம் அந்தச் சொல்லை மூத்தவர்தான் முதலில் தர வேண்டும். இத்தனை வருடம் கூட வேலை செய்த டெட்லெஃபுக்கே நான் தரவில்லை.

பிறகு அவளுடைய திருத்தம் வந்தது. கோடு ஒரு முழம் உள்ளே நகர்ந்தது. நிரலைப் படித்தேன். எல்லைகள் ஒன்றாக இருக்கும் இரண்டு அளவுகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை பூஜ்யம் என்று எழுதியிருந்தாள். உங்களுக்கும் இங்கே தட்டச்சு செய்யும் அம்மாவுக்கும் வயது நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்று வையுங்கள். அதற்காக நீங்கள் இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்களா? அந்தக் கையின் தோள் மூட்டிலும் முழங்கை மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் உண்டு. இரண்டுக்கும் எல்லை ஒன்றுதான். ஆட்டம் ஒன்றல்ல. இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு ஆடினால்தான் கழிந்து பூஜ்யமாகும், எதிரெதிராக ஆடினால் இரண்டும் கூடிக் கை இன்னும் தூரம் எட்டும். அவசரக்கார அறிவாளிகள் செய்கிற தவறு அது. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் பொதுமக்கள் வரும் நாளில் புதிய கோட்டில் தானே நிற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கை என் மூக்கு நுனி வரைக்கும் வரும். தொடாது."

டெட்லெஃபுக்குத் தயக்கம். "ஹெர் டாக்டர், நீங்க பாத்துட்டீங்களா?"

"வரி வரியா பாத்தாச்சு," என்றேன். அதில் பொய் இல்லை.

ஒப்புதல் தந்தேன். கூடவே ஒரு வரி எழுதினேன்: நன்றாகச் செய்திருக்கிறாய், விப்கே.

மாலையில் என் அறை வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க."

"நீன்னே சொல்லு," என்றேன்.

சிரித்துக்கொண்டே போனாள்.

அந்த நாளில் முதல் சில சுற்றுகள் கை கோட்டைத் தொடவே இல்லை. கூட்டம் கைதட்டியது. பிறகு இரண்டு மூட்டுகளும் எதிரெதிர்ப் பக்கம் ஆடின. அப்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடி கழுத்தில் விழுந்தது. அவள் பிழைக்கவில்லை. கோட்டைத் தாண்டி கை வந்த தூரம் என் பழைய எல்லைக்குள்ளேயே இருந்தது. அளந்து பார்த்தேன்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருந்தால் எல்லோர் முன்னாலும் அவள் தலைகுனிந்திருப்பாள். அந்த வலி எனக்குத் தெரியும். அதை நான் யாருக்கும் தர மாட்டேன்.