வண்டிக்கு அடியில் விரித்த அட்டை

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீ சுமார்தான், ஆனால் சூடாக இருக்கிறது, நன்றி. மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண்ணையே அழைத்து வந்திருக்கிறீர்கள். அதிதி என்று பேராம். "மெதுவா சொல்லுங்க ஆன்ட்டி, அவசரமே இல்ல" என்கிறாள். அவசரப்பட்டு நான் எதையும் செய்கிறவள் இல்லை.

என் கணவர் சேனாபதி சான்டா கிளாராவில் வேலை பார்த்தார். எங்கள் வீடு மில்பிடாஸ் மலைச்சரிவில். அவருடைய கார்வெட் கார் அறுபதுகளில் செய்தது. பெயின்ட், சீட், ரப்பர் எல்லாம் கம்பெனியில் போட்டபடியே இருந்தன, அதுதான் அதற்கு மதிப்பு என்பார். சீட்டில் இருந்த கிழிசலைக்கூட விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டுவார். சமைத்த கையோடு கராஜுக்குள் வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு. ஒரு நாள்கூட நான் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை. கோபமா என்று கேட்கிறீர்கள். வண்டி மேல் யாராவது கோபப்படுவார்களா.

அதை வாங்கத்தான் என் அம்மாவின் வளையல்களை விற்றார். "பழைய டிசைன், இதை இப்ப யாரு போடுறா? உருக்கத்தான் லாயக்கு" என்றார். பழசை விற்றுப் பழசை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன், அது வேறு விஷயம்.

வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று மட்டும் வண்டி வெளியே போகும். சந்தனம், குங்குமம் வைக்க விடமாட்டார், பெயின்ட் கெட்டுவிடுமாம். போன வருஷம் பூஜைக்கு வந்த மதன், கார் வேலை தெரிந்த பையன், குனிந்து பார்த்துவிட்டு, "அங்கிள், பிரேக் எண்ணெய் போற ரப்பர் ஹோஸ் எல்லாம் வெடிப்பு விட்டிருக்கு. இறக்கத்துல வேற ஓட்டுறீங்க. மாத்திடுங்க" என்றான்.

"மாத்தினா ஒரிஜினல் போயிடும்ப்பா. ஒழுகினா அப்பப் பார்த்துக்கலாம்."

ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தார். தினமும் காபி டம்ளரோடு போய்ப் பார்ப்பார். அட்டை காய்ந்திருந்தால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்.

இந்தக் கோடையில் முன்சக்கரத்துப் பக்கம் எண்ணெய் மாதிரி சொட்ட ஆரம்பித்தது. நான் அவருக்கு முன்னால் எழுந்துவிடுவேன். கறை பட்ட அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றை விரித்தேன். காலங்காத்தாலே மனுஷரின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன். மறுநாளும் அப்படியே செய்தேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. இந்த ஊரில் அட்டைப் பெட்டிக்கா பஞ்சம்?

பூஜையன்று நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தது நான்தான். "நல்ல நேரம் முடியப் போகுதுங்க, கீழ வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுங்க" என்று சொன்னதும் நான்தான். போனார். தெரு முனையில் பிரேக் பிடித்ததைப் பார்த்தேன். கீழ் வளைவில் பிடிக்கவில்லை என்று நீங்கள் வந்து சொன்னீர்கள். அப்போது அடுப்பில் அவருக்காகச் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியில் யாராவது கை வைத்தார்களா என்று கேட்கிறீர்கள். அந்தப் பாவத்தை நான் செய்வேனா? அவர் உயிராக வைத்திருந்த வண்டி. நன்றாகச் சோதித்துப் பாருங்கள், ஒரு போல்ட்கூடப் புதிதாக இருக்காது. நான் மாற்றியதெல்லாம் அட்டையைத்தான். வண்டி ஒரிஜினல்.