நியூட்ரல்ல விடச் சொன்ன வண்டி

ஹலோ... ஹலோ, ஞானம்... கேக்குதா?... ஆமா, நாந்தான். நிறுத்திட்டேன். ஆமா, ஆமா, ஒருவழியா நிறுத்தியாச்சு. எங்கயோ இல்ல, அவங்க அபார்ட்மெண்டு வாசல்லயேதான், கேட்டுக்கு உள்ள...

இல்ல, இன்னும் மேல வரல. ரோட்டுல நடந்துட்டு இருக்கேன். பெட்ரோல் பங்குக்குப் போயிட்டு வர்றேன்... பெட்ரோலுக்கு இல்ல, ஒண்ணுக்குப் போக. போதுமா? ஏற்காட்டுல விடியறதுக்கு முன்னாடி ஏறி உக்காந்தவன், பெங்களூர் வரைக்கும் அடக்கிட்டு வந்திருக்கேன்... அவங்க ஊட்லயே போயிருக்கலாமா? பொண்ணப் பெத்தவன் மொத மொதல்ல சம்பந்தி ஊட்டுக்குள்ள காலு வெச்சு, தோத்திரம் சொல்லிட்டு, பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்கறதா? நல்லாத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு நேரமா? நல்லா கேட்ட போ. நீயும் ஃபெபியும் கேட்டுல எறங்கினீங்க, லிப்டுல ஏறிப் போய்ட்டீங்க. வெளியாளு வண்டிக்கு உள்ள எடமில்லைன்னு போர்டு போட்டிருக்கு. அந்தத் தெருவ நான் சுத்தின சுத்து எனக்குத்தான் தெரியும். ஒரு ஊட்டு முன்னாடி ஓரங்கட்டினேன், உள்ள இருந்து ஒரு அம்மா பூந்தொட்டியத் தூக்கிட்டு வந்து டயருக்கு முன்னால வெக்குது. கடை முன்னாடி நிறுத்தினா கடைக்காரன் கன்னடத்துல என்னமோ சொல்றான். அர்த்தந்தான் புரியல, திட்டறான்னு புரியுது. அக்கட்டால போனா ஒன்வே. எதுத்தாப்புல வர்றவனெல்லாம் மூஞ்சிக்கு நேரா லைட்டப் போடறான்...

ஆரனா? ஆமா, அடிச்சேன். திரும்பற எடத்துல எல்லாம் அடிச்சேன். பைக்குல ஒரு பையன் பக்கத்துல வந்து, எதுக்கு அங்கிள் சும்மா அடிக்கறீங்கன்னு கேக்கறான். நம்ம ரோட்டுல அடிக்கலைன்னாத்தானே கேப்பாங்க. அடிவாரத்துல இருந்து சிமெண்டு மூட்டை ஏத்திட்டு, லாரிக்கு வழி வுட்டு, மழையிலயும் மூடுபனியிலயும் ஏறறவன் நான். இந்த ஊர்ல ஒரு காரு நிறுத்த எடம் பிடிக்க முடியல எனக்கு. அதுவும் அன்வர் பாய் வண்டி. கடைக்குப் போற வண்டிய நம்பிக் குடுத்திருக்காரு, ஒரு கோடு விழுந்தா அவரு கடை இருக்கற ஒண்டிக்கடைப் பக்கம் தலை காட்ட முடியுமா?...

அதச் சொல்றேன் இரு. கடசியில அந்த வாட்ச்மேனுக்கே பாவமாப் போச்சு. நம்மாளுதான், திருப்பத்தூர் பக்கமாம், பேரு சரவணன். நம்பர் பிளேட்டப் பாத்துட்டு, சேலமாண்ணேன்னு கேட்டாரு. நொம்ப நல்ல மனுசன். உள்ள விட்டு, ஒரு வெள்ளக் காருக்குப் பின்னாடி குறுக்கால நிறுத்திக்குங்க, அவங்க சாயங்காலந்தான் எடுப்பாங்கன்னாரு. ஒரே ஒரு பேச்சு. கியருல போடாதீங்க, ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்கங்கறாரு...

எதுக்குன்னா, யாருக்காச்சும் அவசரம்னா தள்ளிக்குவாங்களாம். ஊரான் வண்டிய எவன் வேணா கைய வெச்சுத் தள்ளுவானாம். இங்க எல்லா எடத்துலயும் அதான் பழக்கமாம்... ஆமா, நானும் அதத்தான் சொன்னேன். நம்மூர்ல நியூட்ரல்ல விட்டா வண்டிய அடிவாரத்துலதான் போயித் தேடணும்னு... சிரிக்காத, காதுல விழப்போவுது. உள் ரூமுல இருந்துதானே பேசற?... சரி.

அங்க எப்படி இருக்கு?... ம்... ம்... தண்ணி அந்தப் பையனே கொண்டாந்து குடுத்தானா? ஜாபெஸா?... சரி... அத்தைன்னு கூப்பிட்டானா? அதுக்குள்ளயா... இல்ல, இல்ல, நல்லதுதான். நான் ஒண்ணும் சொல்லல.

ஃபெபி என்ன சொல்றா?... ஒண்ணும் சொல்லலைன்னா? மூஞ்சி எப்படி இருக்கு?... வெக்கமா, இல்ல பிடிக்கலையா? உனக்குத் தெரியாதா, நீ பெத்தவதானே... சரி, சரி. ஞானம், ஒண்ணு சொல்றேன் கேளு. நான் வர்ற வரைக்கும் வார்த்த குடுத்துடாத. அவங்க ஜெபம் பண்ணலாம்னா பண்ணட்டும். பேசி முடிச்சிரலாம்னு சொன்னா, அவங்கப்பா வரட்டுங்கன்னு சொல்லு... என்ன இருக்கா? போட்டோவுல பாத்தது பாத்ததா? ஒருக்கா நேர்ல அவன் நடக்கறது, பேசறது பாக்க வேண்டாமா நான்? பெத்த புள்ளைய இந்த ஊர்ல வுட்டுட்டுப் போகப் போறோம். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தது...

என்ன? என்னக் கூட்டியாற அவனே கீழ எறங்கறானா? எதுக்கு தம்பிக்குத் தொந்தரவு... நீலச் சட்டையா? சரி, பாத்துக்கறேன். கேட்டுகிட்ட வந்துட்டேன்...

யாரு இது உள்ள இந்த ஆரன் அடிக்கறது... நம்ம வண்டியச் சுத்தி ஆளுங்க நிக்கறாங்க ஞானம். இரு...

அட கடவுளே. கியருல போட்டுட்டேன்... கியருல போட்டுட்டேன் புள்ள. நியூட்ரல்ல விடச் சொன்னாரில்ல. சரிங்க சரிங்கன்னு தலையாட்டிட்டு, கை பாட்டுக்கு ஃபர்ஸ்ட் கியரப் போட்டு, ஹேண்ட் பிரேக்க இழுத்திருக்கு. அதோட விட்டேனா? எறங்கி, செவுத்தோரம் கெடந்த கல்ல உருட்டியாந்து பின் சக்கரத்துக்கு அண்டக் குடுத்துட்டு வந்திருக்கேன். கேரம் போர்டாட்டம் தரை, ஒரு பொட்டு சரிவு இல்ல. நம்மூட்டு வாசல்ல நிறுத்தற மாதிரி நிறுத்திட்டு சாவியோட போயிட்டேன்...

தெரியாம இல்ல, நெனப்பே இல்ல. வெச்சிடாத, போனைப் பையில போடறேன். வெச்சிடாத.

வந்துட்டேனுங்க, வந்துட்டேனுங்க. என் வண்டிதானுங்க. சாவி இருக்குங்க, இப்ப எடுத்துடறேன்... தெரியுதுங்க, உங்களுக்கு அவசரம்... ஆமாங்க, ஆமாங்க, தப்புதானுங்க...

ஏனுங்க சரவணன், கையில என்ன ரத்தம்?... கல்ல எடுக்கப் போயா? அத எதுக்குங்க நீங்க... தள்ளும்போது கல்லு புரண்டுருச்சா... காட்டுங்க. நகமே பேந்திருச்சேங்க. அய்யோ, நீங்க தெளிவாத்தானே சொன்னீங்க, நாந்தான்... கர்ச்சீப்பு இருக்கு, இருங்க, கைய மேல தூக்கிப் புடிங்க...

தோத்திரம் தம்பி... ஆமா, ஃபெபி அப்பாதான், மரியதாஸு... நல்லபடியா வந்தோம், நல்லபடியா வந்தோம்... இல்ல தம்பி, ஒண்ணுமில்ல, என் தப்பு. வண்டிய எடுத்தா சரியாப் போச்சு... இல்ல தம்பி, அவர ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் சொன்னாரு, நாந்தான் மறந்துபோயி... தம்பி... தம்பி, கொஞ்சம் நான் சொல்றதக் கேளுங்க...

வேண்டாங்க. சரவணன், கைய எறக்குங்க. என்கிட்ட எதுக்குங்க நீங்க... எறக்குங்க கைய...

சரி தம்பி. நீங்க போங்க. ஓரமா விட்டுட்டு வர்றேன்... வர்றேன், வர்றேன்.

...

ஹலோ. ஞானம்... இருக்கியா?... வண்டிய ஓரமா எடுத்துட்டேன். வெள்ளக் காரு போயிருச்சு. கண்ணாடிய ஏத்திட்டு உள்ளதான் உக்காந்திருக்கேன்... கேட்டுதா உனக்கு?... எவ்வளவு கேட்டுது?... பாதிதானா. மீதிய நான் சொல்றேன்.

சிரிச்ச மூஞ்சியாத்தான் வந்தான் பையன். வாங்க அங்கிள், டிராவலெல்லாம் எப்படின்னு கை குடுத்தான். அந்தக் கைய விடல, அதுக்குள்ள இந்தப் பக்கம் திரும்பி, டேய், உன்னை யாருடா உள்ள விடச் சொன்னதுங்கறான். அந்த மனுசனுக்கு என் வயசு இருக்கும் ஞானம். தப்பு என்னுதுன்னு நானும் சொல்றேன், சொல்றேன், காதுலயே வாங்கல. அங்கிள்கிட்ட சாரி கேளுடான்னான். ரத்தம் சொட்டற கையோட அந்த மனுசன் என்னப் பாத்துக் கும்பிட்டாரு. என் தப்புக்கு. என்னையே.

அடி பட்டிருக்கு தம்பின்னு சொன்னேன். அதுக்கு என்ன சொன்னான் தெரியுமா... "விடுங்க அங்கிள், இவனுங்களுக்கு இதெல்லாம் பழக்கம். நீங்க மேல வாங்க, சாப்பாடு ஆறிடும்"...

இல்ல, கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன். கோவம் வந்தா நானுந்தான் கண்டபடி பேசறேன், உனக்குத் தெரியாதா. இது சிரிச்சுட்டே வருது...

ஒரு வாட்ச்மேனுக்காகவா? என்ன பழமை இது, என்ன பேச்சு பேசற நீ? நான் யாரு? எஸ்டேட்டுல ஜீப்பு ஓட்டறவன். எங்கப்பன் யாரு? காப்பித் தோட்டத்துல களை கொத்தினவன். உங்கம்மாவ, எஸ்டேட்டுல கணக்கெழுதற அந்த ரைட்டரு பேரச் சொல்லாம, ஏய் இந்தான்னு கூப்பிட்டான்னு ஆபீசு வாசல்ல போயி சண்டை போட்டது யாரு? நீதானே?... அப்ப அது வேற, இது வேறயா? எப்படி வேற, சொல்லு...

தெரியும். தெரியும் ஞானம். சொந்த ஃபிளாட்டு, நல்ல வேலை, குடிக்கறதில்ல, கோயிலுக்கு ஒழுங்காப் போறான். ஏற்காட்டு மலையில வாழவந்தியில இருக்கற ஒரு பொண்ணுக்கு இப்படி ஒரு எடம் தானா வராது. எனக்குத் தெரியாதா? சந்தோசத்துல ராத்திரி தூக்கம் புடிக்காமக் கெடந்தவன் நான். நீ நல்லாத் தூங்கின.

இன்னைக்கு நான் அன்வர் பாய் காருல, இஸ்திரி போட்ட சட்டையில வந்தேன். அங்கிள்ன்னான். எஸ்டேட் ஜீப்புல காக்கிச் சட்டையோட வந்து அந்த வெள்ளக் காருக்குக் குறுக்கால நிறுத்தியிருந்தா, என்னை என்னன்னு கூப்பிட்டிருப்பான்?... சொல்லு.

நான் வேண்டாம்னு சொல்லல. வேணும்னும் சொல்லல. கட்டிக்கப் போறது நானில்ல. போனை ஃபெபிகிட்ட குடு... எங்க, பால்கனியிலயா? கூப்பிடு... அவங்க பாத்தாப் பாக்கட்டும், அப்பன் மக கிட்டப் பேசறதுக்கு என்ன? குடு.

...

கண்ணு... அப்பாதான்... இல்ல, ஒண்ணும் ஆகல. கீழதான் இருக்கேன். சாமி, இங்க ஒண்ணு நடந்துச்சு. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறமேட்டு நீ...

பாத்தியா? மேல இருந்தா?... எதுவரைக்கும் பாத்த?... கும்பிட்டது வரைக்குமா... ம்... ஆமா... ஆமா, நகமே போச்சு... கட்டிவிட்டிருக்கேன். உக்கார வெச்சிருக்கேன்.

அங்க இருந்து பேச்சுக் கேட்டிருக்காது உனக்கு... சரி, கேக்காட்டிப் போவுது. கண்ணு, அப்பனுக்காக எதுவும் சொல்லாத. எனக்கு இந்தக் கோவம் நாளைக்கு மூட்டை ஏத்தறப்பப் போயிரும். நீ சாவற வரைக்கும் ஒருத்தன் கூட இருக்கணும். நீ யோசிச்சுச் சொல்லு, அவசரமில்ல...

என்னது?... அவன்கிட்டயே கேட்டியா? எப்ப?... மேல வந்ததுமா? என்னன்னு கேட்ட?... கீழ ஒருத்தருக்குக் கையில அடியாமே, எப்படி இருக்காருன்னா?... அதுக்கு?...

யாருக்குன்னு கேட்டானா.

... நெசமாவே யாருக்குன்னு கேட்டானா? ... மறந்தே போச்சா அவனுக்கு? லிப்டுல ஏறி எறங்கறதுக்குள்ளயா...

ம்... வேண்டாங்கறியா?... சரி கண்ணு. இல்ல, நான் ஒண்ணும் வருத்தப்படல. நீ சொன்னாச் சரி... பயப்படாத. பெரியவங்ககிட்ட முகம் கோணாமச் சொல்லிட்டு வாங்க. ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்பறோம்னு சொன்னா அவங்களுக்கே புரிஞ்சிரும்... சாப்பிட்டுப் போங்கம்பாங்க. வேண்டாம். ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் இல்லைன்னு சொல்றது நல்லா இருக்காது... எனக்கும் பசிதான். ஓசூர் தாண்டி எங்கயாச்சும் நிறுத்தறேன்... சிரிக்கற பாரு. நிறுத்த எடம் கெடைச்சாத்தான், ஆமா.

அம்மா என்ன பண்றா?... அழுவறாளா? அழுவட்டும், வண்டியில வந்து அழுதுக்கட்டும். குடு அவகிட்ட...

ஞானம்... ம்... கேட்டுட்டியா அவ சொன்னத?... ம்... எனக்கு மட்டும் ஆசையில்லையா?... சரி. நீ எனக்காக ஒண்ணும் வர வேண்டாம், அவளுக்காக வா... செருப்பு போட்டாச்சா? ரெண்டு பேருமா?... சொல்லிட்டியா அவங்கம்மாகிட்ட... என்ன சொன்னாங்க?... சரி, விடு. அப்படித்தான் பேசுவாங்க, அவங்க எடத்துல நாம இருந்தாலும் அப்படித்தான் பேசுவோம்.

நான் அதுக்குள்ள சரவணன மருந்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கட்டு போட்டுட்டு வந்துடறேன். எதுத்தாப்புலதான் இருக்கு. நீங்க கேட்டுகிட்ட நில்லுங்க...

என்ன?... எந்தக் காப்பித்தூளு?... மொளகும் குடுத்தியா?... அட, அதையா திருப்பி வாங்கறது? பையி அவங்க சமையக்கட்டுல இருந்தா இருக்கட்டும். குடுத்தது குடுத்ததுதான்... நம்மூட்டுக் கொடியில பறிச்ச மொளகுன்னா என்ன? அவங்க ஊட்டுலயும் கொழம்பு வெப்பாங்கல்ல, வெச்சுத் திங்கட்டும்... பழையபடி உள்ள போவாத ஞானம். கெளம்பிட்டேன்னு சொல்லிட்டு மறுபடி போயி பையத் தூக்கினா என்ன நெனைப்பாங்க... ஞானம், சொல்றேனில்ல... லிப்டு வந்துருச்சா? ஏறு. ஃபெபி கையப் புடிச்சுக்க. ஏறிட்டியா... ஹலோ?... ஞானம்?... ஹலோ...