கழுதையின் பின்னங்கால்கள்

— ஆடாம நில்லுண்ணா, ஊசி குத்திடும். விருது வாங்கப் போற கோட்டுல பொத்தான் இருக்கான்னு வீட்லயே பார்த்திருக்கக் கூடாதா?

— கலைஞன் பொத்தானையெல்லாம் எண்ணிட்டிருக்க மாட்டான், வாலு. நீ என் உரையைக் கேளு. "அன்று அந்தக் கழுதை மண்டியிட்டது. அது நடிப்பல்ல, தவம். அதற்காக மூன்று நாட்கள் நான் எவரோடும் பேசவில்லை."

— பேசலியா? என் சைக்கிளை எடுத்தியா, எடுத்தியான்னு அந்த மூணு நாளும் நீ போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்திக்கிட்டாங்க.

— உள்மௌனம்னு ஒண்ணு இருக்கு, புரியுதா?

— ஆமாமா. உள்ளயே இருந்திருக்கும், வெளியில வரல. நல்லா இருக்கு, மேல படி.

— சார், வரலாமா? நான் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். இன்னும் பத்து நிமிஷம். முதல்ல அந்தக் காட்சியைத் திரையில போடறோம், அப்புறம் நீங்க.

— முழு நிகழ்ச்சியும் போடலியாம்மா?

— அந்த ஒரு நிமிஷம்தான் மிச்சம் மேடம். பாக்கி டேப்பு மேல யாரோ கைப்பந்துப் போட்டியைப் பதிவு பண்ணிட்டாங்க. கழுதை அழுது முடிச்ச உடனே ஒருத்தர் ஓடி வந்து பந்தைத் தட்டறார். அதுக்குள்ள நிறுத்திடுவோம். நீங்க சாருக்கு...?

— தங்கச்சி. கழுதைக்குப் பின்னங்கால்.

— ஐயோ, அது ரெண்டு பேரா? ஆறு வயசுல பார்த்துட்டு அன்னிக்குச் சாப்பிடவே மாட்டேன்னு அழுதேன் மேடம்! சார் பேட்டியில எல்லாம் தனியா நடிச்ச மாதிரிதான்...

— பேட்டியில இடம் பத்தாதும்மா. அந்த உடுப்புக்குள்ளயும் அப்படித்தான்.

— அப்ப நீங்களும் மேடைக்கு வரணும். ரெண்டு வார்த்தை பேசினா போதும். நான் போய்ச் சொல்லிடறேன்.

— போயிட்டா. கதவைச் சாத்து. மேடையில என்ன சொல்லப்போற?

— நடந்ததை.

— முப்பத்தாறு வருஷம் கழிச்சு நடந்தது எதுக்கு? ஜனங்களுக்கு வேண்டியது கலை, புரியுதா?

— அதான் கேக்கறேன், எது கலை? பாடப்புத்தகத்துல எல்லாரும் படிச்ச கதை. செருப்புத் தைக்கிறவர் செத்துப்போறார், அவரோட கழுதை பாலத்தடியிலயே காத்துக்கிட்டு நிக்குது, யார் கூப்பிட்டும் போகல. டிவி நிலைய அதிகாரி என்ன பண்ணினார்? குழந்தைகள் அழுதா நிலையத்துக்குக் கெட்ட பேரு, புது எஜமான் வரட்டும், கழுதை துள்ளிக் குதிச்சுப் போகட்டும்னு மாத்திட்டார்.

— அவரும் ஒரு வகையில படைப்பாளிதான். கோப்புல கையெழுத்துப் போடுற படைப்பாளி.

— புது எஜமான் கயித்தை இழுத்தார். நீ துள்ளின. நான் உக்காந்துட்டேன். உனக்கு வேற வழியில்லாம முன்னங்கால் மடங்கிச்சு. இதுதான் உன் தவம்.

— மெதுவாப் பேசு! நேரடி ஒளிபரப்பு, நிறுத்தவும் முடியல. கேமராவுக்குப் பின்னாடி அதிகாரி கோப்புக் கட்டை ஆட்டி ஆட்டி எழுந்திரு, எழுந்திருன்னு விரட்டினாரே, ஞாபகம் இருக்கா? நிஜக் கழுதைன்னே நினைச்சுட்டார் போல.

— உன்னை வேலையை விட்டுத் தூக்கணும்னு தாள் தேடினார். அவர் தேடி எடுக்கறதுக்குள்ள நேயர் கடிதம் மூட்டையா வந்துடுச்சு. மறுவாரம் அதே ஆளு, "கழுதை உக்காரணும்னு நான்தான் சொன்னேன்"னார்.

— கதை எழுதினவரும் ஒரு கார்டு போட்டாரே! "உங்கள் நிலையத்தில் என் கதையைப் படித்தது கழுதை ஒன்றுதான் போலிருக்கிறது."

— அந்தக் கார்டைத்தான் சட்டம் போட்டு உன் கூடத்துல மாட்டி வச்சிருக்க.

— பாராட்டுதானே. அந்த உடுப்பு என்ன ஆச்சு வாலு?

— எலி தின்னுடுச்சு. அப்பாவோட சாம்பல் நிறக் கம்பளியில தைச்சது. ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள்கூட உக்காந்து காது வச்சாரு. உள்ள குனிஞ்சா அவரோட தைல வாசனைதான். மூக்கு முழுக்க.

— எனக்குப் பசை வாசனைதான். தலைப்பக்கம் பசையும் அட்டையும். ரெண்டு காதுல ஒண்ணு தொங்கிக்கிட்டே இருக்கும்.

— இடது காது. சரி, பொத்தான் முடிஞ்சது. நூலைக் கடிக்கிறேன், அசையாத.

— வாலு.

— சொல்லு.

— அந்த மூணு நாள் தவத்தை நான் பெருமைக்குச் சொல்லல. முழுக்கப் பெருமைக்குச் சொல்லல.

— பின்ன?

— கழுதை தோளு குலுங்கிச்சுன்னு ஊரே அழுதுச்சே, அது சிரிப்பு. நீ தொப்புன்னு உக்காந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துடுச்சு, அடக்க முடியல. உன் தலையும் என் முதுகுல இடிச்சு இடிச்சுக் குலுங்கிச்சு. நீயும்தான் சிரிச்ச. இதை எப்படி மேடையில சொல்றது?

— சொன்னா என்ன? அவங்களும் சிரிச்சுட்டுப் போவாங்க.

— அவங்க சிரிக்கட்டும். அப்பா? ஆஸ்பத்திரி டிவியில கண்டிப்பாப் பார்ப்பேன்னு காலையில சொன்னாரு. நிகழ்ச்சி முடிஞ்சு நான் முகம் கழுவிட்டு வந்தா, போன் வந்துச்சு, போயிட்டாருன்னு சொல்ற. ஊருக்கெல்லாம் அது அழுகையாத் தெரிஞ்சிருக்கலாம். நாம குலுங்கினது எதுக்குன்னு அவருக்குத் தெரியாதா? கடைசியா அந்த மனுஷன் பார்த்தது, பெத்த ரெண்டும் அவர் கம்பளிக்குள்ள கெக்கேபிக்கேன்னு சிரிச்சதை. அதை மறைக்கத்தான் தவம் கிவம்னு முப்பத்தாறு வருஷமாக் கதை விடறேன்.

— அண்ணா...

— மேடம், சார், வாங்க. காட்சி ஓட ஆரம்பிச்சாச்சு!

— இதோ வர்றோம்மா. அண்ணா, இந்தப் பக்கம் பாரு. நான் சிரிக்கல. அப்பாவும் எதையும் பார்க்கல.

— என்ன உளர்ற?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தப்போ நீ இன்னும் கழுதைத் தலையைக்கூட மாட்டலைண்ணா.