லோஜனாவின் பெயரில்

என்னால் ஓரிடத்தில் அதிக நேரம் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அலுவலகத்தில் அடிக்கடி எழுந்து ஜன்னலருகே போய் மழையைப் பார்த்துவிட்டு வருவேன். மற்றவர்கள் கேலி செய்வார்கள். லோஜனா மட்டும் செய்யமாட்டாள். அவளைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்லப்போவதில்லை, ஐயா.

கணவனுக்குப் பயந்து ஓடிவரும் பெண்களுக்குத் தங்க இடம் தேடிக் கொடுப்பதுதான் ஹட்டனில் எங்கள் வேலை. யாரை எங்கே தங்கவைத்திருக்கிறோம் என்பது லோஜனாவுக்கு மட்டுமே தெரியும். அவள் யாழ்ப்பாணத்துப் பெண், கண்டிப்பானவள். நான் நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும், அந்தப் பொறுப்பை என்னிடம் தரலாமே என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன்.

"நீங்கள் நல்லவர்தான் அண்ணா. ஆனா ஆர் வந்து அழுதாலும் நம்பிடுவியள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

2007இல் அவளுடைய அப்பாவுக்குக் கொழும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. லீவில் போகுமுன், பயிற்சி வகுப்புக்கான அழைப்புகளை நான் அனுப்புவதற்காக, மின்னஞ்சலில் தன்னுடைய தொடர்பு முகவரிகள் எல்லாவற்றையும் எனக்கும் தெரியும்படி பகிர்ந்துவிட்டாள்.

"அழைப்புக்கு மட்டும் பாவியுங்கோ. உங்களை நம்பித்தான் திறந்துவிடுறன்."

அழைப்புகளை அன்றே அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகும் அவளுடைய பட்டியலிலிருந்த பெயர்கள் என் திரையில் இருந்தன. மூடுவேன், எழுந்து ஜன்னலுக்குப் போவேன், திரும்பி வந்து திறப்பேன். ராகலையில் செல்வமலர் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையின் முகவரிக்குக் கீழே, குறிப்பு எழுதும் இடத்தில், புஷ்பராணி என்று இருந்தது.

புஷ்பராணியின் கணவர் ஆண்டியப்பன் எங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வருவார். மரியாதையான மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார். அவளுடைய கையை உடைத்தது தான்தான் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

"குடிய விட்டுட்டேங்க சேர். புள்ளைக ஆத்தாளக் கேட்டு அழுவுதுக. எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. கால்ல விழுந்தாவது கூட்டியாந்துர்றேன்."

ஒரு குடும்பம் ஒன்று சேரும். லோஜனா திரும்பி வந்ததும், அவளால் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லலாம். அப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

முகவரியை மட்டும் கொடுத்தால் டீச்சர் கதவைத் திறக்கமாட்டார். அதனால் அலுவலகத்தின் பொது மின்னஞ்சலிலிருந்து எழுதினேன். கணவரோடு பேசிவிட்டேன், திருந்திவிட்டார், வெள்ளிக்கிழமை வருவார், உள்ளே விடுங்கள். அடியில் லோஜனா என்று போட்டேன்.

டீச்சருக்குக் கனடாவிலிருக்கும் மகன் கணினி வாங்கிக் கொடுத்திருந்தார். உடனே பதில் வந்தது. "பிள்ளை, எனக்கு மனம் ஒப்பேல்லை. உங்கட போனும் வேலை செய்யேல்லை. விசயத்தைச் சொன்னதில இருந்து அவள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள்."

அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது. மழையில் கடைத்தெரு வரை நடந்து போய்த் திரும்பினேன். பிறகு எழுதினேன். "பயப்படாதீர்கள் டீச்சர். அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருப்பதால் போனை நிறுத்தியிருக்கிறேன். இது என் பொறுப்பு."

வெள்ளிக்கிழமை புஷ்பராணி அந்த வீட்டுக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், செத்துப்போனாள். தடுக்கப் போன டீச்சருக்கு வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான் இருக்கின்றன.

லோஜனாவை அலுவலகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். தான் எழுதவில்லை என்று எவ்வளவோ சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே நான் திறந்துவிட்டனான்."

"அழைப்புக்கு மட்டுந்தான் பாவிச்சேன்" என்றேன்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவளுடைய பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. அந்த மின்னஞ்சல்கள் என் கணினியிலிருந்துதான் போயின என்று பொலிஸ் விசாரணையில் நீங்கள் கண்டுபிடித்த பிறகு மறைப்பதில் அர்த்தமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஆண்டியப்பனை நுவரெலியா பஸ்ஸில் ஏற்றிவிட்டது நான்தான். அங்கே இறங்கி ராகலை பஸ் எடுக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவரிடமிருந்து சாராய வாடை வந்தது. குளிருக்குக் கொஞ்சம் போட்டிருப்பார் என்று நினைத்தேன். அவருடைய உரப்பைக்குள்ளிருந்து தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புதிதாகத் தீட்டியது. என் கைக்குட்டையை எடுத்து அதன் முனையில் சுற்றி, பைக்குள் நன்றாகத் தள்ளிவிட்டேன்.

பஸ்ஸில் ஒரே சனம், ஐயா. யாருக்காவது காயம் பட்டுவிடக்கூடாதே என்று பயமாக இருந்தது.