"எரியுதுங்களா?" என்று கேட்ட அம்மையாருக்கு

வாயில்லா உயிர்களின் வாட்டம் அறிந்தவரே! வாலாட்டி வந்ததையும் வாய்நுரைத்து வந்ததையும் ஒரே வாசலில் நின்று வாங்கியவரே! கொழிஞ்சாம்பாறைக் கடலைக்காட்டு மண்ணின் மகளே! பாலக்காட்டுக் கருணைக்கரைக் காப்பகத்தை இருபத்தாறு ஆண்டுகள் கட்டிக்காத்த கண்காணிப்பாளரே! எங்கள் பழனாத்தாள் அம்மையாரே! தங்கள் பணி நிறைவு நாளில் கூடியிருக்கும் பணியாளர்களின் கைகூப்பிய வணக்கம்.

இனி இம்மடல் தங்களை நோக்கிப் பேசாது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுகிறவரிடம் வேறு எப்படிப் பேசுவது? பொன்னாடை வாங்கட்டுமா என்றதற்கு, "கூண்டுக்குள்ள விரிக்க ஆகுமுங்களா?" என்று கேட்டவர் அல்லவா? ஆகவே அடுத்தவர் கதைபோல் அவர் கதையைச் சொல்கிறோம், அவர் உட்கார்ந்து கேட்கட்டும்.

மடல் எழுதச் சம்மதிக்கும்போதே அவர் இரண்டு நிபந்தனை போட்டார். "சங்கையா செத்த கதைய உட்டுப்போட்டு எழுதக்கூடாதுங்க. பூமாரி என்ன சொல்றாளோ, நல்லதோ பொல்லாததோ, அதக் கடைசீல வாசிக்கோணும். எனக்கு முன்னாடியே சொல்லிப்போடாதீங்க" என்றார். பூமாரி என்பவர் சங்கையாவின் மனைவி. இங்கே கூண்டு கழுவும் பணியில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருப்பவர். அவர் சொன்னது இந்தத் தாளின் கடைசியில் இருக்கிறது. அம்மையாருக்கு இந்த நிமிடம்வரை அது தெரியாது.

அவர் வந்த காலத்தில் இது காப்பகம் என்று பெயர் எழுதிய கிடங்கு. பிடித்து வந்த நாயை எல்லாம் ஒரே கொட்டிலில் தள்ளுவது, ஒன்றையொன்று கடித்தது போக மிஞ்சியதற்குச் சோறு போடுவது, செத்ததைப் பின்பக்கக் குழியில் இடுவது, இதுதான் வேலை. அவர் கொட்டிலைத் தனித்தனிக் கூண்டாகப் பிரித்தார், வெயில் விழும்படி கூரை ஓடுகளைப் பிரித்துக் கண்ணாடி பதித்தார், கழிவுநீருக்குச் சாய்வு கொடுத்தார், கருத்தடை அறுவை முடிந்த நாயைப் பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விட வைத்தார். எல்லாம் செய்தும் குட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. வாரத்துக்கு எட்டுப் பத்து செத்தன. குட்டி செத்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்துப் புதைத்துவிடுவது எங்களுக்குப் பழகிப்போனது. அந்தப் பழக்கம்தான் ஓர் ஆளைக் கொன்றது.

சங்கையா ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்காரர். தோட்டம் மூடியதும் குடும்பத்தோடு மலையிறங்கி வந்து இங்கே வலைபோட்டு நாய் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஓர் ஆடி மாதத்துக் காலையில் பாலத்தடிக் குழாயிலிருந்து ஒரு குட்டியை உருவி எடுத்தவர், அதன் பல் பட்ட கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைநாள் போய்விடும். சந்தைத் தெருவில் ஒரு தாய்நாய் பள்ளிப் பிள்ளைகளை விரட்டுகிறது என்று போன்மேல் போன். அம்மையார் விரலைத் திருப்பிப் பார்த்தார். "ரத்தம் வரலீங்க சங்கையா. சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டு வண்டியேறுங்க" என்றார். வெளியே ஹாரன் அடித்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தவர், இம்மடலை எழுதும் ஓட்டுநர் கந்தப்பன்தான்.

மூன்றாம் நாள் குட்டி செத்தது. வழக்கம்போல் புதைத்தோம். வெறிநோயாக இருக்குமோ என்று ஒருவருக்கும் பொறி தட்டவில்லை. நாற்பத்தைந்தாம் நாள் சங்கையா டீ கிளாஸை உதட்டருகே கொண்டுபோனவர், தொண்டையைப் பிடித்துக்கொண்டு கிளாஸைக் கீழே போட்டார். அப்புறம் நான்கே நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துப் பூமாரி அம்மையாரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீகன்னுதான் அவுக ஊசி போடப் போகல."

விசாரணை நடந்தது. எங்கேயோ வெளியில் கடிபட்டிருப்பார் என்று எழுதி முடிக்கலாம் என்றது அன்றைய நிர்வாகம். எங்களில் பலரும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம், அதற்குத் தலையாட்டினோம். அம்மையார் மட்டும் தாளை வாங்கித் தம் கையால் எழுதினார். வேலை நேரத்தில் பல் பட்டது, நான் பார்த்தேன், போக வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், என்று. அவரை ஆறு மாதம் வேலையை விட்டு விலக்கி வைத்தார்கள். அந்தத் தாள் இருந்ததால்தான் பூமாரிக்கு இங்கே வேலை கொடுக்காமல் தட்டிக்கழிக்க முடியவில்லை.

திரும்பி வந்த அன்று மாலை அவர் வாசலில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துக்கொண்டு நின்றார். அன்று தொடங்கியது கை காட்டும் வழக்கம். வீட்டுக்குக் கிளம்பும் எவரும் இரு கைகளையும் நீட்ட வேண்டும். உள்ளங்கை, புறங்கை, நகக்கண், முழங்கைவரை ஸ்பிரிட்டைத் தடவி அவர் கேட்பது ஒரே கேள்வி: "எரியுதுங்களா?" கண்ணுக்குத் தெரியாத கீறலும் எரியும். எரிகிறது என்றால் அந்த நொடியே சோப்பு, ஓடும் தண்ணீர், கடிகாரம் பார்த்துக் கால் மணி நேரம், அப்புறம் எந்த வேலை கிடந்தாலும் கிடக்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்கு வண்டி. கால்நடை டாக்டர் மோனிஷாவும் நீட்ட வேண்டும், நிர்வாகியும் நீட்ட வேண்டும். பொய் சொன்னவரை அவர் திட்டுவதைக் கேட்டவர்கள் மறுபடி பொய் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'எரியுதுங்களா அம்மா' என்று பெயர் வைத்தோம். அது அவருக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

பூமாரி வேலைக்குச் சேர்ந்த முதல் மாலை, அம்மையார் தம் இரு கைகளையும் அவர் முன் நீட்டினார். என் கையை நீ பார் என்று பொருள். பூமாரி ஸ்பிரிட்டுப் பாட்டிலைத் தொடாமல் வாளியை எடுத்துக்கொண்டு கூண்டுப்பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மையார் கையைக் கந்தப்பன்தான் பார்த்தார். பூமாரி தம் கையைத் தினமும் நீட்டினார், "எரியல" என்பார், போவார். பன்னிரண்டு ஆண்டுகளில் வேலையைப் பற்றியல்லாமல் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அம்மையார் நலமாக, நெடுநாள், நல்ல உறக்கத்தோடு வாழ வேண்டும் என்று எங்கள் குலசாமிகளை வேண்டுகிறோம். உறக்கம் என்று குறிப்பிட்டே வேண்டுகிறோம்.

இனி நிபந்தனைப்படி பூமாரியின் சொல். கூட்டாமல் குறைக்காமல்:

"மன்னிச்சிட்டேன்னு எழுதிறாதீக. மன்னிக்கல. நெனச்சுப் பாத்தேன், முடியல. ஆனா அந்த அம்மா அந்தத் தாள எழுதலேன்னா, அவுக எங்கியோ குடிச்சிட்டுக் கெடந்து கடிபட்டாகன்னு எம் புள்ளைக கேட்டு வளந்திருக்கும். அதுக்கப்புறம் இந்த வாசல்லேருந்து ஒருத்தரும் கீறலோட வீட்டுக்குப் போகல. அத நான் நெதமும் பாத்தேன். நாளையிலருந்து எல்லார் கையையும் நான் பாக்கேன். இன்னைக்கும் ஒரு கை பாக்கணும். அந்தம்மா காட்டாமப் போயிறக் கூடாது."

அம்மையாரே, பஞ்சும் ஸ்பிரிட்டும் வாசலில் இருக்கின்றன. பூமாரி அங்கேதான் நிற்கிறார். போய்க் கையை நீட்டுங்கள்.

இங்ஙனம்,
பூமாரி
கந்தப்பன்
மோனிஷா
மற்றும் கருணைக்கரைக் காப்பகப் பணியாளர்கள், பாலக்காடு