மேசைக்கு அடியில் ஆப்பிள்

எங்கள் வீட்டில் ஆப்பிள் வாங்குவதில்லை, டாக்டர். மனைவி கேட்டால் பல் கூசுகிறது என்று சொல்லிவிடுவேன்.

என் தங்கை தான் பெற்ற பிள்ளையைத் தூக்க மறுக்கிறாளே, காரணம் ஏதாவது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும்.

நாங்கள் இருவரும் ஒரே பூப்பண்ணையில் வேலை பார்த்தோம். எனக்குப் பன்னிரண்டு வருட சர்வீஸ். அவள் என் சிபாரிசில் சேர்ந்தவள். செடி வளர்க்க ஆளுக்கொரு கண்ணாடி அறை. இரண்டே வருடத்தில் அவள் அறையின் கார்னேஷன் பூக்கள் என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக நின்றன. "உன் தங்கச்சி கை பட்டா குச்சிகூடத் துளிர்த்துடும்பா," என்றார் முதலாளி, என்னிடமே. புதிய பிரிவின் மேற்பார்வை அவளுக்குத்தான் என்றும் சொன்னார். வயிறு எரிந்தது. இதற்குக் கொஞ்சம் கௌரவமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பழுத்த பழம் எத்திலீன் என்றொரு வாயுவை விடும். கண்ணுக்குத் தெரியாது. செடிக்குள்ளேயே ஊறும் ஹார்மோன்தான் அது. காய் கனிவதும் பூ வாடுவதும் அதன் சொல்படி. வெளியிலிருந்து வந்தாலும் பூ வித்தியாசம் பார்க்காது, தன் காலம் முடிந்ததென்று நம்பிவிடும். குளிருக்காக ஜன்னல் சாத்தியிருந்த அவள் அறையில், மேசைக்கு அடியில், உரச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு பை நிறையக் கனிந்த ஆப்பிள் வைத்தேன். மூன்றாம் நாள் இதழ்களெல்லாம் உள்பக்கம் சுருண்டுவிட்டன. மொட்டுகள் திறக்கவே இல்லை. பையை நானே எடுத்துப் போட்டேன்.

அவள் தண்ணீரை மாற்றினாள், மண்ணை மாற்றினாள், இலை இலையாகப் புரட்டிப் பூச்சி தேடினாள். நான் டார்ச் பிடித்தேன்.

இன்னும் இரண்டு தடவை வைத்தேன். கடைசித் தடவை என் தோளில் சாய்ந்து அழுதாள். "என்னண்ணா, நான் தொட்டாலே வாடிப்போகுது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "சில பேர் கை அப்படித்தான்மா. விட்டுடு," என்றேன். அன்று நாக்கு கூசவில்லை. இப்போது கூசுகிறது.

வேலையை விட்டாள். மேற்பார்வை எனக்கு வந்தது. அவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்தது. போன வாரம் தொட்டிலில் பிள்ளை வீறிட்டு அழ, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். "நீங்களே தூக்குங்கண்ணா. உங்க கை நல்ல கை."

தூக்கினேன். பிள்ளை அழுகையை நிறுத்தியது. வெட்கத்தில் நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கையில் ஒரு குறையும் இல்லை என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், டாக்டர். ஆப்பிள் விஷயம் மட்டும் வேண்டாம். அண்ணன் இப்படிச் செய்தான் என்று தெரிந்தால், பாவம், அவள் தாங்கமாட்டாள்.