மிதி, புடி, வுடு

மிதி. இன்னும் மிதி. ஆங், அப்டியே புடி. நா சொல்ற வரிக்கும் கால எடுக்காத. வுடு.

வருது பாரு குமுளி குமுளியா, சோடா கணக்கா. நீ எறங்காத, அங்கியே குந்து. பிரேக் பெடல மிதிக்க ஒரு ஆளு, வீலாண்ட தொறந்து மூட ஒரு ஆளு, ரெண்டு பேரு வோணும் இந்த வேலைக்கு. நா மூடறதுக்கு முன்ன கால எடுத்தியானா காத்து திரும்ப உள்ள பூந்துக்கும். மிதி. புடி. வுடு.

இல்ல நைனா, கோவம்லாம் இல்ல. பிரவுசிங் சென்டர்ல ரெண்டு நாளு குந்தி, இன்னா இன்னா மாத்தணும்னு நாலு பேப்பரு பிரிண்ட் எட்த்தாந்துகிற. நா ஏன் கோச்சிக்கப் போறேன்? ஜப்பான் வண்டி, ரெண்டே கதவு, ஆக்சிலேட்டர தொட்டா முதுகு சீட்டுல ஒட்டிக்கும். உன் வயசுல என் கைல கெடச்சிருந்தா நா மட்டும் சொம்மா வுட்ருப்பனா?

ஆனா அந்த பேப்பர எழுதனவன் பந்தில பரிமாற மாரி எழுதிகிறான். பெரிய டர்போ வை, பெரிய சைலன்சர் வைன்னு. வண்டி அப்டி இல்ல. பெரிய டர்போ வெச்சா காத்து ஜாஸ்தி தள்ளும். காத்து ஜாஸ்தியானா பெட்ரோலு ஜாஸ்தி ஊத்தணும், இல்லன்னா பிஸ்டன் ஓட்டயாய்டும். அதுக்கு பம்ப்பு மாத்தணும். அப்பால வர்ற ஜோர இப்ப கீற கிளட்ச்சு தாங்காது, வழுக்கும். கிளட்ச்ச கெட்டியா போட்டா கியர் பாக்ஸ்ல பல்லு பூடும். நம்ம ஊரு வெயிலுக்கு ரேடியேட்டரு வேற கொதிக்கும். ஒன்ன மாத்தினா பக்கத்துல கீறவன் கத்துவான், என்னியும் பாருன்னு. எல்லாரும் கத்தி முடிச்சப்புறம் கடசியா ஒர்த்தன் கீறான். அவன் மட்டும் கத்தவே மாட்டான். பிரேக்கு.

மிதி. புடி. வுடு. இந்த வீலு ஆச்சு. இரு, நா அந்தாண்ட வரேன்.

மூணாவது தபா கேட்டுட்ட, நல்லா கீற பிரேக்கு ஓஸ, அந்த ரப்பர் டியூப்ப, ஏன் கழட்டினன்னு. முன்னாடி ரெண்டும் புச்சு, கம்பெனி ஓஸு, அத தொடல. பின்னாடி ரெண்டத்தான் கழட்டிட்டு வேற மாட்டினேன். தோ, ஜாக்கியாண்ட கெடக்குது பாரு. வெளிய பளபளன்னு நல்லாத்தான் கீது. உள்ள ரப்பரு ஊறி ஓட்டய அடச்சிகினுகீது, ஒரு ஊசி பூராது. பின் வீலு ரெண்டும் புடிக்காமலே நீ இம்மா நாளு ஓட்டிகினு இருந்துக்கிற. பிரேக்கு கொஞ்சம் லூசு, அத சொம்மா பாத்துட்டு டர்போவ போடுங்கன்னு சொன்னியே, அந்த லூசு இதான்.

மிதி. புடி. வுடு.

எனக்கு எப்டி தெரியும்னா கேக்கற? நா கார் மெக்கானிக்கே இல்ல நைனா. காசிமேட்டுல சௌக்கத் அலி பாய் கடைல பன்னெண்டு வருசம், போட்டுல வலை இழுக்கற வின்ச்சுக்கு ஓஸு அடிச்சிகினு இருந்தேன், ரப்பர வெட்டி ரெண்டு முனைலயும் இரும்பு பூண வெச்சி அழுத்தற வேல. நா அடிச்ச ஓஸு கடல்ல கீழ எத்தினி டன்னு வலைய இழுத்துக்கீது தெரியுமா? ஒன்னு, ஒன்னு பிச்சிகினு போச்சின்னு எவனும் வந்து நின்னதில்ல. அம்புரோஸ் அடிச்ச ஓஸான்னு கேட்டு வாங்குவாங்க. அந்த கொழுப்பு எனக்கு இருந்திச்சி.

காருக்கு என்ன இட்டாந்தது என் மச்சான் அலெக்ஸாண்டரு. என் பொஞ்சாதி ஆலிஸோட தம்பி. ஹார்பர்ல ஃபோர்க் லிஃப்ட் ஓட்டினு இருந்தான். அவனுக்கு காது அப்டி. வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டு கண்ண மூடிக்குவான், மாமா, மூணாவது சிலிண்டர்ல ஏதோ முணுமுணுக்குதும்பான். தொறந்து பாத்தா இருக்கும். நா கழட்டி மாட்டுவேன், அவன் ஓட்டிப் பாத்து சொல்வான். இந்த மாரி பிரேக்குல காத்து எடுக்கறப்ப அவன்தான் உள்ள குந்திப்பான். மிதி வுடுன்னு நா சொல்லவே வேணாம், ஸ்பேனரு திரும்பற சத்தத்துக்கே அவன் காலு போய்ட்டு வரும். அதுக்காவ உன்ன ஒன்னும் சொல்லல. நீயும் நல்லாத்தான் மிதிக்கிற. மிதி. புடி. வுடு.

தொண்ணூத்தொம்போதுல இதே மாரி ஒரு வண்டி வந்துது. கப்பல்ல செகண்ட்ல எறங்கின வண்டி, செவப்பு. ஓனரு அவசரக்காரன். டர்போ மாத்தினோம், பம்ப்பு, கிளட்ச்சு எல்லாம் பாத்து பாத்து ஜோடி சேத்தோம். பிரேக்கு மட்டும் பாக்கி. ஓஸு வெளிநாட்லேந்து வரணும், ரெண்டு மாசம் ஆவும்னாங்க. அலெக்ஸு சொன்னான், வரட்டும் மாமா, நாம காத்துனுருக்கலாம்னு. நாந்தான் சிரிச்சேன். டேய், கடல்ல வலைய இழுக்கற ஓஸு உன் தம்மாத்தூண்டு காருக்கு பத்தாதாடான்னு. பாய் கடைக்கு போய் நானே நாலு அடிச்சேன். சைஸு கச்சிதம். மரையும் கச்சிதம். பம்ப்பு வெச்சி அழுத்திப் பாத்தேன், ஒரு சொட்டு கசியல. மாட்டினு ஓட்டிப் பாத்துட்டு வந்தவன், சூப்பரு மாமான்னு கட்டிப் புட்ச்சான்.

வின்ச்சுல ஓடற எண்ணெ வேற நைனா, பிரேக்குல ஓடற எண்ணெ வேற. அந்த ரப்பரு இந்த எண்ணெல ஊறும். கடக்காரங்க எவனுக்கும் இது தெரியாது. எங்களுக்கு ஓஸுன்னா ஓஸு, எம்மா அழுத்தம் தாங்கும், அவ்ளோதான் கணக்கு. நா அப்பால ஒரு துண்டு வெட்டி ஊறுகா பாட்டில்ல பிரேக் ஆயில் ஊத்தி போட்டு வெச்சேன். தெனம் பாப்பேன். ஒம்போதாவது நாளு பெரு வெரலு கணக்கா உப்பிட்சி.

ஆக்சிடெண்டு ஆனது நா மாட்டின பதினோராவது நாளு. விடிகால, எண்ணூரு ரோடு, முன்னாடி ஒரு கண்டெய்னரு ட்ரைலரு நின்னுகினுகீது. டெஸ்டுக்கு எட்த்துனு போன அலெக்ஸு மிதிச்சிருக்கான். முன்னாடி ஒரு ஓஸு பிச்சிகினு போய்ட்சி, இன்னோன்னு ஊறி அடச்சிகிச்சி. ரோட்ல டயரு தேஞ்ச கோடே இல்ல. அத்த பாத்துட்டு போலீஸ்காரன் இன்னா எழுதினான் தெரியுமா? ஓட்டினவன் பிரேக்கே புடிக்கல, ரேஸு வுட்டுக்கீறான்னு. எல்லாரும் அதான் பேசினாங்க. சாவுக்கு வந்தவங்க, கோயில்ல பாக்கறவங்க. நானும் அந்த எடத்துலதான் நின்னுகினு இருந்தேன். வாயத் தொறக்கல.

மிதி. நைனா, மிதி. இன்னா அப்டியே நின்ட்ட? புடி. வுடு.

அந்த வண்டியா? இதான். முன்ன பக்கம் பூரா புச்சா மாத்தி, கருப்பு அடிச்சி வித்துட்டுக்கீறானுங்க. காலைல நீ ஓட்டினு வந்தப்ப எனக்கு தெரில. ஜாக்கி வெச்சி கீழ படுத்தப்பதான் பாத்தேன். நா அடிக்கற ஓஸுல முனையாண்ட மூணு புள்ளி குத்துவேன். தோ கீது பாரு. நாலு வருசமா பின்னாடி ரெண்டு வீலும் இதுலயே ஓடிகினு இருந்துக்கீது. நீ செத்துப்போவாதது உன் நேரம்.

வேணாம், எறங்காத, முன்னாடி ரெண்டு வீலு பாக்கி கீது. நா உன்ன பயமுறுத்தறதுக்கு சொல்லல. டர்போ நா போட மாட்டேன், அதுக்கு சொல்றேன். அந்தாண்ட போனா எவனாவது போடுவான். நீயும் போவ, எனக்கு தெரியும். ஞாயித்துக்கெழமைக்குள்ள வோணும்னு வந்ததும் சொல்லிட்டியே. நா இன்னா பண்ண முடியும், உன் கால கட்டிப் போட முடியுமா? பிரேக்காவது ஒழுங்கா பண்ணித் தரேன்.

ஆலிஸுக்கா? தெரியாது. திமிரு புட்ச்ச பையன், வேகமா போயி எங்கள வுட்டுட்டானேன்னு இன்னிக்கும் அவனத்தான் திட்டுவா. கல்லற திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்துவா, கொளுத்திகினே திட்டுவா. பக்கத்துல நின்னுகினு நா கேட்டுகினு இருப்பேன். நாலு வருசம். சொல்லணும்னு தெனம் நெனைக்கிறது. அவ சோத்த போட்டு குடுத்துட்டு ரசம் ஊத்தட்டுமான்னு கேக்கறப்ப எப்டி நைனா சொல்வ, நீ சொல்லு.

சரி, பேச்ச வுடு. அவதான் வரா, தண்ணி லாரிலேந்து.

இன்னா ஆலிஸு, கூட்டமா? அதான் லேட்டா? இது நம்ம கஸ்டமரு, தம்பி அண்ணா நகர்லேந்து வந்துக்குது. பக்கெட்ட எறக்கி வை. கைய காட்டு. அய்ய, இப்டி செவந்துகீது. பக்கெட்டு கம்பி அறுக்கத்தான் செய்யும், ரெண்டு பக்கெட்டு தூக்கினு வந்தா. இன்னாது? கம்பில சுத்த ஓஸு துண்டா? அந்த செவுத்துல பச்ச டியூப்பு மாட்டிகீது பாரு, அத எட்த்துக்க. மெலிசா கீதா?

அதா? ஜாக்கியாண்ட கீறதா?

அது கலீஜா கீது, உள்ள எண்ணெ.

சரி, குடு. கத்தி எங்க? ரெண்டு முனையும் வெட்டிட்டு, நீளவாட்டுல கீறித் தரேன், கம்பில சொருவிக்கலாம். இரு, தொடச்சிட்டு தரேன். ம். சொருவு. தூக்கிப் பாரு. அறுக்கலல்ல?

மிதி நைனா. புடி.